நேரில் பாதி, போனில் பாதி

"ஏண்ணா, தம்மை விடறதுக்கு ஆஸ்பத்திரிக்கு நேர்ல போகணுமா, போன்லயே பேசிக்கிட்டா போதுமா?" என்று எங்கள் கட்டிங் மாஸ்டர் போன வாரம் கேட்டான். சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டதால் "ரெண்டும் வேணும்டா தம்பி" என்று சொல்லிவிட்டு நானும் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். பதில் சரிதான், ஆனால் அவனுக்கு அது ஒன்றும் புரிந்திருக்காது. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் இரண்டு தடவை சிகிச்சைக்குப் போனவன். 2019இல் முழுக்க முழுக்க நேரில். 2022இல் பாதி நேரில், பாதி போனில். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை, இரண்டாவது தடவை விட்டுவிட்டேன். இதை வைத்துக்கொண்டு கலப்பு முறைதான் உசத்தி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டாவது தடவை போனவன் முதல் தடவை போனவன் இல்லை. நடுவில் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், எனக்கு நாற்பது தாண்டியது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அதெல்லாம் எவ்வளவு வேலை செய்தது, சிகிச்சை எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் எந்த இடத்தில் நான் என்ன பொய் சொன்னேன் என்று மட்டும் நன்றாகத் தெரியும், அதைச் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை. துணி வாங்குகிற பையருக்கும் பேக்டரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாக்காரர்கள் ஆபீசுக்கு வந்து உட்காரும்போது நமக்கு மதியம் தாண்டிவிடும், அதனால் போன் எல்லாம் சாயங்காலமும் ராத்திரியும்தான். பஞ்சும் துணியும் இருக்கிற இடம், உள்ளே பற்ற வைக்க முடியாது, ஆடிட் வேறு. ஆகவே செக்கிங் செக்ஷனுக்குப் பின்னால் ஒரு இரும்புப் படிக்கட்டு. அங்கே மணல் போட்ட பழைய பெயிண்ட் டப்பா. போன் வந்தால் படிக்கட்டு, படிக்கட்டு என்றால் தம். ஒரு நாளைக்குப் பதினைந்து சராசரி, ஷிப்மென்ட் சமயத்தில் இன்னும் கொஞ்சம்.

2019இல் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர், அவிநாசி வழியாக பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை காலையில் போனால் அரை நாள் லீவு காலி. ஆறு வாரம் வரச் சொன்னார்கள். முதல் நாள் ஒரு தாளில் ஆறு கேள்வி. நிகோடினுக்கு எவ்வளவு அடிமை என்று பார்க்கிற ஃபேகர்ஸ்ட்ராம் டெஸ்ட் என்று பெயர், உலகம் முழுக்க இதைத்தான் கேட்கிறார்களாம். தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் மூன்று மதிப்பெண். எனக்கு மூன்றும் கிடைத்தது. காய்ச்சலில் படுத்திருந்தாலும் குடிப்பீர்களா, ஆமாம், ஒன்று. விடவே முடியாதது எது, காலையில் முதல் சிகரெட், அதற்கு ஒன்று. தினம் பதினைந்து, அதற்கும் ஒன்று. மொத்தம் பத்துக்கு ஆறு. படிக்கிற காலத்தில் கணக்கில் வாங்கியிருந்தால் வீட்டில் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

அப்புறம் அந்த ஊதுகிற கருவி. டிவி ரிமோட்டைவிடக் கொஞ்சம் தடிமன். ஆளுக்கு ஒரு அட்டைக் குழாய் மாட்டித் தருவார்கள். மூச்சை இழுத்துப் பதினைந்து நொடி அடக்கிக்கொண்டு, அப்புறம் மெதுவாக, நெஞ்சு ஒட்டிப்போகிற வரைக்கும் ஊத வேண்டும். மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். எனக்கு 24 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 24 பங்கு. சிவப்பு விளக்கு. "குடிக்காதவங்களுக்கு ஆறுக்குக் கீழதான் சார் வரும்" என்றார் ஆலோசகர். சின்ன வயது மேடம், என் தங்கை வயதுகூட இருக்காது, ஆனால் அந்த எண்ணைப் பார்த்து முகம் சுளிக்கவே இல்லை. அது பெரிய விஷயம். நான் பார்த்த டாக்டர்கள் எல்லாரும் சிகரெட் என்றாலே முதலில் திட்டிவிட்டுத்தான் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பார்கள்.

நேரில் போனதில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் சூயிங்கம். நிகோடின் கம் நான் முன்பே கடையில் வாங்கித் தின்று பார்த்தவன். 2 மி.கி. கம் சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4 மி.கி. வேண்டுமானால்தான் டாக்டர் சீட்டு. தின்றால் விக்கல், நெஞ்செரிச்சல், இது நமக்கு ஒத்துவராது என்று தூக்கிப் போட்டிருந்தேன். அதைச் சொன்னதும் மேடம் ஒன்றை உடைத்துக் கொடுத்து, "எப்படி மென்னீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். பபிள்கம் மாதிரி கடகடவென்று மென்றேன். சிரித்துவிட்டார். நாலைந்து தடவை மெதுவாக மென்றதும் நாக்கில் சுருக்கென்று மிளகு கடித்த மாதிரி வரும், உடனே நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும், சுருக்கு போனதும் மறுபடி மெல்ல வேண்டும். மருந்து வாயின் தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது, விழுங்கினால் வயிற்றுக்குப் போய் எரிச்சல்தான் மிச்சம். டீயோ காபியோ குடித்துக் கால் மணி நேரம் ஆன பிறகுதான் போட வேண்டும், வாயில் அமிலம் இருந்தால் மருந்து சரியாக ஏறாது. கூடவே தோலில் ஒட்டுகிற நிகோடின் பட்டையும் (பேட்ச்) ஒட்டிக்கொள்ளச் சொன்னார், பட்டை நாள் முழுக்க, கம் திடீரென்று வருகிற ஆசைக்கு. இரண்டையும் சேர்ப்பது ஒன்றை மட்டும் எடுப்பதைவிடப் பலன் தரும் என்பது நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். ஆனால் தாடையை எப்படி அசைக்க வேண்டும் என்று நேரில் ஒருத்தர் காட்டியிராவிட்டால் எனக்கு அது இன்னும் விக்கல் மருந்துதான்.

இப்போது பொய். இரண்டாவது வாரம் ஊதினேன், 5. பச்சை விளக்கு. மூன்றாவது வாரம் 4. மேடத்துக்கு ஒரே சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் நான் விடவே இல்லை. குறைத்திருந்தேன், எட்டு ஒன்பது ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்தேன் என்றால், வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணியோடு நிறுத்திவிடுவேன். உடம்பில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகும், தூக்கத்தில் கொஞ்சம் மெதுவாக. சனிக்கிழமை பத்து மணிக்கு ஊதும்போது பதினாலு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் 24கூட நாலு ஐந்துக்கு வந்துவிடும், என்னுடையது வராதா? இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தரவில்லை, பரீட்சைக்கு முன்னால் பையன்கள் கண்டுபிடிப்பது மாதிரி தானாக வந்தது. ஊதி முடித்து, பாராட்டு வாங்கி, ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினால் எதிரே பெட்டிக்கடை. முனையில் நெருப்போடு கயிறு தொங்கும். அங்கேயே பற்ற வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

இப்படி ஒரு நல்ல மனுஷியை ஆறு வாரம் ஏமாற்றினேன். யோசித்தால், அவர் திட்டியிருந்தால் ஏமாற்றியிருக்க மாட்டேனோ என்னவோ. அந்தப் பச்சை விளக்கைப் பார்த்து அவர் முகம் மலர்வதைக் கெடுக்க மனசு வரவில்லை. ஏழாவது வாரத்திலிருந்து பழைய பதினைந்து.

நடுவில் சிகரெட் பாக்கெட்டில் போட்டிருக்கும் 1800-11-2356க்கும் ஒரு தடவை கூப்பிட்டேன். 2018 செப்டம்பரிலிருந்து எல்லாப் பாக்கெட்டிலும் இருக்கிற தேசிய எண் அது, இலவசம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியிலும் அதற்கு ஒரு மையம் இருக்கிறது, தமிழில் பேசலாம். நன்றாகத்தான் பேசினார்கள், விடுகிற தேதியைக் குறிக்கச் சொன்னார்கள், திரும்பவும் கூப்பிட்டார்கள். அவர்கள் கூப்பிட்டபோதெல்லாம் நான் மீட்டிங்கில் இருந்தேன், அவ்வளவுதான். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

2022க்கு வருவோம். கொரோனா வந்தபோது 2020 மார்ச்சில் டெலிமெடிசினுக்கு மத்திய அரசு வழிமுறை வெளியிட்டது, அதற்குப் பிறகு வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது சாதாரணமாகிவிட்டது. இந்தத் தடவை போனது வேறு ஆஸ்பத்திரி, அதுவும் கோயம்புத்தூர்தான். மொத்தம் பத்து அமர்வு, பாதி நேரில், பாதி வீடியோவில். நடுவில் தினமும் போனில் ஒரு டைரி எழுத வேண்டும். எப்போது ஆசை வந்தது, எங்கே, யாரோடு, பத்துக்கு எவ்வளவு, குடித்தீர்களா இல்லையா. நான் மனசுக்குள் நினைத்தது என்ன தெரியுமா? ஊதுகிற கருவி இருந்தபோதே ஏமாற்றினவன், போனில் வெறும் எழுத்துதானே, இது இன்னும் சுலபம்.

நடந்தது நேர் எதிர். முதல் நாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு, வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு, மொட்டை மாடியில் ஒன்றைக் குடித்துவிட்டு வந்து அந்த டைரியைத் திறந்தேன். "குடித்தீர்களா" என்ற இடத்தில் ஆமாம் என்று அமுக்கினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. எதிரில் முகம் இல்லை, யாரும் வருத்தப்படப்போவது இல்லை, காரணம் என்ன என்ற கட்டம் காலியாக இருந்தது, அதில் விறுவிறுவென்று எழுதினேன். டச்சுக்காரன் ஷேட் சரியில்லை என்று மொத்த லாட்டையும் திருப்பிவிட்டான், முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார், வீட்டில் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லாததை ஒரு போன் கட்டத்தில் எழுதிவிட்டுத் தூங்கப் போனேன்.

அடுத்த வாரம் நேரில் போனபோது அங்கிருந்த ஆலோசகர், இவர் கொஞ்சம் வயதானவர், எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தார். "செவ்வாய் நாலு பத்து, வியாழன் நாலு இருபது, திங்கள் நாலேகால். நாலு மணிக்கு என்னங்க நடக்குது?" என்றார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நாலு மணிக்குத்தான் பையரின் முதல் போன் வரும். நான் எழுதினதுதான், ஆனால் நான் பார்க்கவில்லை, அவர் பார்த்தார். இப்படி ஒருத்தர் படித்து வந்து எதிரில் உட்கார்ந்து கேட்டதால்தான் டைரிக்கு உயிர் வந்தது.

இன்னொன்று வீடியோ அமர்வில் நடந்தது. இதை எந்த ஆஸ்பத்திரி அறையிலும் செய்திருக்க முடியாது. ஆபீசில் பேச இடம் இல்லாமல் போனைத் தூக்கிக்கொண்டு வழக்கம் போல வெளியே வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர், "உங்களுக்குப் பின்னாடி தெரியுறது அந்தப் படிக்கட்டுங்களா?" என்றார். தம்மை விடுவதற்கான சிகிச்சைக்கே நான் தம் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்! கேமராவைத் திருப்பிக் காட்டச் சொன்னார். டப்பா, சுவரில் கருகின வட்டம் வட்டமாகக் கறை, கம்பியில் யாரோ செருகி வைத்த தீப்பெட்டி. "போனோட அப்படியே எழுந்திரிச்சு வேற எங்க நிக்க முடியும்னு நடந்து காட்டுங்க" என்றார். செக்கிங் செக்ஷன் பெண்கள் வேடிக்கை பார்க்க நான் போனை நீட்டிக்கொண்டு பேக்டரியைச் சுற்றினேன். கடைசியில் முன்பக்கம் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடி என்று முடிவானது. அங்கே எம்.டி. ரூம் ஜன்னல் நேராகப் பார்க்கும், பற்ற வைக்க முடியாது. அன்றைக்கிருந்து நாலு மணி போன் வேப்பமரத்தடியில்தான். முதல் மூன்று நாள் உடம்பு முழுக்க எரிச்சல், கை எதையாவது தேடிக்கொண்டே இருந்தது, ஒரு சாம்பிளை இழுத்துக் கிழித்துவிட்டேன். ஆசை ஒவ்வொன்றும் சில நிமிடம்தான் நிற்கிறது என்று சொல்லியிருந்தார்கள், அது உண்மை, ஆனால் அந்தச் சில நிமிடம் எவ்வளவு நீளம் என்று யாரும் சொல்லவில்லை.

இந்தக் கலப்பு முறையை நெதர்லாந்தில் ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். என்ஸ்கெடே என்று ஊர், மெடிஷ் ஸ்பெக்ட்ரம் ட்வென்டே என்கிற ஆஸ்பத்திரி. அதுவும் ஒரு காலத்தில் நம் ஊர் மாதிரி நூலும் தறியுமாக இருந்த ஊர் என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு பாசம். புகையை விட வந்தவர்களைக் குலுக்கல் மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு எல்லாம் நேரில், இன்னொரு பக்கத்துக்கு நேரிலும் இணையத்திலும். அதில் எனக்குப் பிடித்தது அவர்கள் கேட்ட கேள்வி. கலப்பு முறை உசத்தியா என்று கேட்கவில்லை, நேரில் பார்ப்பதைவிட அது மட்டமாகிவிடாமல் இருக்கிறதா என்று கேட்டார்கள். அரை நாள் லீவும் பஸ் செலவும் மிச்சமாகும்போது பலன் அதே அளவு இருந்தாலே ஜெயித்த மாதிரிதானே. அவர்கள் பார்த்தது கோட்டினின். நிகோடின் உடம்பில் உடைந்து வருகிற சரக்கு, பாதியாகவே கிட்டத்தட்ட பதினாறு மணி நேரம் எடுக்கும், நாள் கணக்கில் தங்கும். என் வெள்ளிக்கிழமை ராத்திரி வித்தை அதனிடம் செல்லாது. என்ன, கம் மென்றுகொண்டிருந்தால் குடிக்காவிட்டாலும் கோட்டினின் காட்டும், அது ஒரு சிக்கல்.

சரி, கலப்பு முறை கவிழ்ந்த இடத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாவது அமர்வுக்குப் பிறகு அந்தப் பெரியவர் ஒரு மாதம் லீவில் போய்விட்டார். பதிலுக்கு வந்தவர் வீடியோவில் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" முப்பது நாளுக்கு மேல் ராத்திரி ராத்திரி எழுதியிருக்கிறேன், ஒரு வரி படிக்கவில்லை. அன்று ராத்திரி டைரியைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒன்பது நாள் எழுதவில்லை, அந்த ஒன்பது நாளில் நாலு சிகரெட். அடுத்த வீடியோவுக்குக் கேமராவை அணைத்துவிட்டு பைக்கில் உட்கார்ந்தபடி "எல்லாம் நல்லாருக்கு மேடம், சிக்னல் இல்ல மேடம்" என்று நாலு நிமிடத்தில் முடித்தேன். போனில் ஓடிப்போவது அவ்வளவு சுலபம். நேரில் என்றால் குறைந்தபட்சம் ஐம்பது கிலோமீட்டர் போய்த்தான் பொய் சொல்ல வேண்டும்.

என்னைத் தடுத்து நிறுத்தியது அடுத்து வந்த நேரடி அமர்வு. போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன், மனைவி, "ஏங்க, இன்னிக்கு சனிக்கிழமை, கோயம்புத்தூர் போகலையா?" என்று கேட்டுவிட்டாள். போனேன். ஊதினேன். 11. முந்தின நாள் குடித்தது ஒன்று, காலையில் பயத்தில் ஒன்று. அந்தப் புது மேடம் எண்ணைப் பார்த்துவிட்டு, "போன வாரம் எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னீங்களே" என்றார். நானும் விடவில்லை, "நீங்க என் டைரியைப் படிக்கலையே மேடம்" என்றேன். ஒரு நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவர் கம்ப்யூட்டரைத் திறந்து எனக்கு முன்னாலேயே முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார், நான் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பெரிதாக ஆலோசனை எதுவும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

எந்த உதவியும் இல்லாமல் மனவலிமையால் மட்டும் விடுகிறவர்களில் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான். "மனசு வெச்சா முடியாதா" என்று கேட்கிற பெரியப்பாக்களுக்காக இந்த எண்ணை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஆகவே நேரில், போனில், பாக்கெட் நம்பரில், எதில் போனாலும் போகாததைவிட மேல். கலப்பு முறைக்குப் போவதென்றால் மட்டும் முதல் நாளே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நான் போனில் எழுதுவதை யார் படிப்பார்கள், நேரில் உட்காரப்போவதும் அவரேதானா? அவர் வேறு, இவர் வேறு என்றால் அது கலப்பு இல்லை, இரண்டு அரைகுறைச் சிகிச்சை.

கட்டிங் மாஸ்டர் விஷயம் என்ன ஆனது என்றால், அவன் ஏற்கனவே இரண்டு மாதம் முன்பே அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டானாம். வீடியோ எல்லாம் தவறாமல் பேசுகிறான். நேரில் போக வேண்டிய நாளெல்லாம் "கட்டிங் நிக்குதுங்க மேடம், போன்லயே பேசிடலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். டைரியில் பூஜ்யம் பூஜ்யமாக எழுதுகிறானாம். படிக்கட்டில் டப்பா இன்னும் அப்படியே இருக்கிறது, மணலை மாற்றுவதே அவன்தான்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழரைக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொல்லியிருக்கிறேன், நானும் கூடப் போகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து நிறுத்திவிட்டு வராதே, எப்போதும் போல இருந்துவிட்டு அப்படியே வா என்றேன். "உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?" என்று கேட்டான்.